அப்பா வாங்கித் தந்த கையெழுத்து

1

என் மகள் கயல் இங்கே ஆக்லாந்தில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்தவள், பையைச் சோபாவில் எறிந்துவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்து நின்றாள். வாடிக்கையாளர் ஒருவர் வந்திருந்தபோது மேலாளர் இவளைப் பார்த்து எல்லோருக்கும் காபி எடுத்து வரச் சொன்னாராம். இவளோடு சேர்ந்த பையன்கள் இருவர் சும்மா உட்கார்ந்திருந்தார்களாம். கயல் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அன்றைக்கே மேலிடத்தில் புகார் கொடுத்துவிட்டாள். மறுநாள் மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அவருக்கு என் வயது இருக்கும். ஆனால் அவர் மன்னிப்புக் கேட்ட தோரணை சரியில்லை என்பதுதான் அவளுடைய கோபம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ சிரிக்காதீங்க" என்றாள்.

எங்கள் வீட்டுத் தமிழ் இப்படித்தான். கோயமுத்தூர் மரியாதையை அவள் அம்மா பாடுபட்டுச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை அதைத் தன் இஷ்டத்துக்கு எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்கிறது. "நீயும் அங்க இதே ட்ரெய்னிங்தானே பண்ணுனீங்க? உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போனேன்.

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். கயலுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஊரில் இருக்கும் என் அப்பாவுக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

2

காரமடைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் ஒரு பாக்குத் தோட்டம். அப்பா ரங்கன் அங்கே கூலி. அவருடைய அப்பாவும் அதே தோட்டத்தில் கூலி. நான் அரசு கல்லூரியில் பி.காம். முடித்து, சி.ஏ. படிக்க ஆசைப்பட்டேன். எங்கள் காலனியில் அந்த இரண்டு எழுத்துக்கும் விளக்கம் சொல்ல ஆள் கிடையாது. ஆடிட்டர் ஆவது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

சி.ஏ. ஆக வேண்டுமென்றால் பரீட்சை மட்டும் போதாது. ஒரு ஆடிட்டரிடம் மூன்று வருடம் ஆர்ட்டிகிள் கிளார்க்காகப் பயிற்சி எடுக்க வேண்டும். அவர் சேர்த்துக்கொண்டால்தான் சேரலாம். நடுவில் வேறு ஆடிட்டரிடம் மாற நினைத்தால் முதல் ஆடிட்டர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடாவிட்டால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். விட்டு ஓடினால் அதுவரை செய்ததெல்லாம் வீண். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவையில் என்னைப் போலப் பலருடைய வாழ்க்கை இப்படி ஒருவருடைய பேனா நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் ஏறி இறங்கிய அலுவலகங்களில் எல்லாம் ஒரே கேள்வி. அப்பா என்ன பண்றாருங்க? பதிலைக் கேட்டதும் இடம் நிரம்பிவிட்டது என்பார்கள். இந்த ஆடிட்டர் ஒருவர்தான் அதைக் கேட்கவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்தார், "நாளைக்கே வந்துருங்க கண்ணு" என்றார். அவர் பெயர் இங்கே வேண்டாம். பிள்ளைகள் அதே ஊரில் அதே தொழிலில் இருக்கிறார்கள்.

அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பியூனைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். அவர் கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அப்பா கேள்வியை அவர் ஏன் கேட்கவில்லை என்பது பின்னால்தான் புரிந்தது. என் விண்ணப்பத்திலிருந்த ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வேறு எங்கும் இடம் கிடைக்காத பையன் வேறு எங்கும் போகமாட்டான் என்பதும் தெரிந்திருந்தது.

3

முதல் சில மாதங்கள் வேலை இனித்தது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில் தணிக்கைக்கு எங்களை அனுப்பினார்கள். என்னோடு வந்தவர்கள் ஒரு சீனியரும், கீதா என்ற துடியலூர்ப் பெண்ணும். ரசீதுகளைக் கணக்கோடு ஒப்பிட்டுச் சிவப்புப் பென்சிலால் குறி போடுவோம். கிடங்கில் பஞ்சுப் பொதிகளை எண்ணுவோம். உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு மூவரும் நரைத்த கிழங்களைப் போல வெளியே வருவோம். மதியம் மில்லின் விருந்தினர் விடுதியில் இலை போட்டுச் சாப்பாடு.

ஒரு நாள் சாப்பிடும்போது மில் முதலாளியின் அண்ணன் வந்து உட்கார்ந்தார். வயதானவர், அன்பாகப் பேசினார். எனக்கு எந்த ஊர் என்று விசாரித்தார். காரமடைப் பக்கமுங்க என்றேன். "காரமடையில யாரு தோட்டமுங்க?" என்றார். தோட்டக்காரர் பெயரைச் சொன்னேன். அவருக்கு என்ன முறை வேண்டும் நீங்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. முறை ஒன்றுமில்லை, அப்பா அங்கே வேலை செய்கிறார் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, ரசம் போடச் சொல்லிக் கை காட்டினார். பிறகு சீனியர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் மதியம் மில் மேனேஜர் விடுதி வாசலில் என்னை நிறுத்தினார். "தம்பி, உங்களுக்கு மட்டும் கேண்டீன்ல சொல்லியிருக்குதுங்க. அங்க சூடா இருக்குமுங்க" என்றார்.

சீனியர் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றி முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். நான் கேண்டீனுக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் கீதா வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அங்கேயே ஒரு தட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஆடிட்டர் என்னை அறைக்குள் அழைத்தார். எனக்கு வெளிவேலை அலைச்சல் என்றும், இனிமேல் அலுவலகத்திலேயே இருந்துகொள்ளலாம் என்றும் சொன்னார். என் உடம்பைப் பற்றி அவ்வளவு அக்கறை.

அதற்குப் பிறகு எனக்குத் தணிக்கை கிடையாது. ஜெராக்ஸ், கோப்பு அடுக்குவது, தேநீர், அவர் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் எடுத்துக்கொண்டு போவது. சிலிண்டரைப் பின்வாசலில் வைத்தால் போதும் என்பார் அவர் மனைவி. புதிதாகச் சேர்ந்த பையன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மில்களுக்குக் கிளம்புவார்கள். நான் அவர்கள் குடித்த டம்ளர்களைக் கழுவி வைப்பேன். மற்றவர்களுடைய டம்ளர்கள் உள் அலமாரியில் இருக்கும். என்னுடையது ஜன்னல் திட்டில். அதை அங்கே யார் வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு நாள் பார்த்தேன், அது அங்கே இருந்தது.

கீதாதான் வழி கண்டுபிடித்தாள். ராம்நகரில் ஒரு பெண் ஆடிட்டர் இருந்தார். அவரிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். பழைய ஆடிட்டர் சம்மதக் கையெழுத்துப் போட்டால் சேர்த்துக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார். எனக்கு நான்கு நாள் தூக்கமில்லை. பிறகு ஒரு காலையில் போய்க் கேட்டேன்.

ஆடிட்டர் கோபப்படவில்லை. சிரித்தார். "போறதுக்கு என்னங்க கண்ணு, தாராளமாப் போங்க. பெத்தவங்க சம்மதம் வேணுமில்லீங்க? ஞாயித்துக்கிழமை அப்பனக் கூட்டிட்டு ஊட்டுக்கு வாங்க."

4

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவரிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டை அது. கையில் ஒரு சீப்புக் கதலி. பேருந்தில் வழியெல்லாம், என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஆடிட்டர் வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்க கண்ணு" என்றார் என்னிடம். அப்பாவைப் பார்த்து, "வா ரங்கா" என்றார்.

அப்பா அவரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அதற்கு முன் அவரை அப்பா பார்த்ததுகூட இல்லை.

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். பழத்தைத் தரையில் வைத்தார். "பையனுக்கு நீங்கதான் சாமி ஒரு வழி பண்ணணும்" என்றார். பேருந்தில் நாங்கள் பேசிவைத்த வார்த்தை அதுவல்ல.

ஆடிட்டர் என்னை வாயாரப் புகழ்ந்தார். கையெழுத்துக்கு என்ன, போட்டால் போச்சு என்றார். பிறகு செய்தித்தாளை மடித்தபடி, சின்ன விஷயம் ஞாபகம் வந்தது போலச் சொன்னார்.

"பின்னால கக்கூஸ் டேங்க் அடைச்சிருக்குது ரங்கா. ஆளு வாரேன் வாரேன்னு சொல்லி வரவே மாட்டேங்கறான். வந்ததுதான் வந்தே, அதைச் சித்த பாத்துப்போடு. அதுக்குள்ள நான் கையெழுத்துப் போட்டு வெக்கறேன்."

என் அப்பா பாக்கு மரத்தில் ஏறுவார், மடை திருப்புவார், மாடு பார்ப்பார். அந்த வேலையை அவர் செய்ததில்லை. எங்கள் வீட்டில் யாரும் செய்ததில்லை. செய்யாமல் இருப்பதற்காகவே எங்கள் தாத்தா ஒரு ஊரை விட்டு இந்த ஊருக்கு வந்தவர். அப்பா என்னைப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி, நன்றாக நான்காக மடித்து, என் கையில் கொடுத்தார்.

கொல்லைப்புறத்தில் மூடியை நெம்பித் தள்ளிவிட்டு, வாளியும் மூங்கிலுமாகக் குழியின் ஓரத்தில் குந்தினார். நான் சட்டையைத் துணிக்கொடியில் போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ கைய வெக்காத கண்ணு. நீ வெச்சுப்போட்டீன்னா நான் வெச்சதுக்கு அர்த்தமில்லாமப் போயிரும்."

உள்ளேயிருந்து ஆடிட்டர் கூப்பிட்டார். அப்பா வேலையைப் பார்க்கட்டும், அதுவரை ஒரு மில் கணக்கை ஒருமுறை பார்த்துக் கொடுங்கள் என்றார். அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தது அன்று ஒருமுறைதான். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். எதிரில் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அப்பாவின் முதுகு. இருப்புநிலைக் குறிப்பில் ஒரு பிழை இருந்தது. கண்டுபிடித்துத் திருத்தினேன். மாதக்கணக்கில் எனக்குக் கிடைக்காத தணிக்கை வேலை அன்றைக்குக் கிடைத்தது.

ஆடிட்டர் மனைவி வந்து ஜன்னலைச் சாத்தினார். நாற்றம்.

அப்பா முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. தோட்டத்துக் குழாயில் நெடுநேரம் குளித்தார். எவ்வளவு தேய்த்தும் அவருக்குத் திருப்தி வரவில்லை. ஈர உடம்போடு வாசலுக்கு வந்து நின்றார். ஆடிட்டர் உள்ளே தூங்கப் போய்விட்டார் என்று அவர் மனைவி சொன்னார். அலுவலக முத்திரை இல்லாமல் கையெழுத்துச் செல்லாதாம், நாளைக்குப் பையன் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லச் சொன்னாராம்.

"அதுஞ் சரிதானே சாமி" என்றார் அப்பா.

பேருந்தில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்று அவருக்கு ஒரு பயம். இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார்.

5

மறுநாள் ஆடிட்டர் என்னை அறைக்கு அழைத்தபோது மேஜையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. உள்ளே வேட்டியும் துண்டும்.

"நேத்து அப்பன வெறுங்கையோட அனுப்பிச்சுப்போட்டேன். மனசுக்கு ஒப்பலைங்க. இதக் குடுத்துருங்க. செஞ்ச வேலைக்குச் சரியாப் போச்சுங்க."

நான் கையெழுத்தைக் கேட்டேன்.

"நீங்க எதுக்குங்க கண்ணு போகோணும்? உங்களாட்டப் பையன உட்டுட்டு நான் என்னங்க பண்ணுவேன்? அதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. போயி அந்த ஃபைலை எடுத்துட்டு வாங்க."

நான் நின்றேன். அவர் அடுத்த காகிதத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது முடிந்துவிட்டது. ஒரு ஆள் வேலை செய்தான், அவனுக்குத் துணி கொடுத்தாயிற்று. அவன் மகனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கத்தியிருக்கலாம், விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று இன்றைக்கு எளிதாகச் சொல்லலாம். விட்டு வந்திருந்தால் ஒன்றரை வருடம் போயிருக்கும். அதோடு, அப்பாவின் அந்த ஞாயிற்றுக்கிழமையும் போயிருக்கும். நான் ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மாலை வீட்டுக்குப் போனபோது அப்பா காலனி முனையில், பேருந்து நிற்கும் இடத்திலேயே காத்திருந்தார். தோட்ட வேலை முடிந்து கை கால்கூடக் கழுவவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கப் பயந்து நின்றார். "போட்டுட்டாருங்களா கண்ணு?" என்று கடைசியில் கேட்டார். அப்பா என்னை மரியாதையோடு கேட்டது அதுதான் முதல் தடவை.

"போட்டுட்டாருங்கப்பா" என்றேன். பொட்டலத்தைக் கொடுத்தேன். "இதையும் குடுக்கச் சொன்னாரு."

அவர் வேட்டியைப் பிரித்துக் கரையைத் தடவிப் பார்த்தார். "பார்ரா, எப்பேர்ப்பட்ட மனுசன்" என்றார் அம்மாவிடம். அந்தத் தீபாவளிக்கு அதைத்தான் கட்டினார்.

மீதி ஒன்றரை வருடமும் நான் ராம்நகருக்கு வேலைக்குப் போனேன், அப்பாவின் கணக்கில். உண்மையில் அதே ஜெராக்ஸ், அதே சிலிண்டர், அதே ஜன்னல் திட்டு. வெளியூர் மில்களுக்குப் போய் வந்ததாகக் கதை சொல்வேன். கீதாவிடம் கேட்டு வைத்துக்கொள்வேன், கதைக்குப் பொருள் வேண்டுமே. ஒருமுறை அப்பா கண் பரிசோதனைக்காகக் கோவைக்கு வந்தார். என் புது அலுவலகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ராம்நகரில் ஒரு தெருவின் எதிர்ப்புறத்தில் அவரை நிறுத்தி, பெண் ஆடிட்டரின் மாடியைக் காட்டினேன். அப்பா மேலே போக வேண்டும் என்று கேட்கவில்லை. வெயிலில் நின்று அந்த மாடியைக் கைகூப்பிக் கும்பிட்டார். அங்கிருந்த ஜன்னலில் யாரோ ஒரு பையன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

6

பரீட்சைகளை எழுதித் தேறினேன். பயிற்சி முடிந்ததற்கு ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும், போட்டார். எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். சில வருடம் சென்னையில் வேலை, பிறகு இந்த நாடு.

இங்கே குடியேற விண்ணப்பித்தபோது என் பயிற்சி எப்படிப்பட்டது என்று முதல் நிறுவனத்திடமே எழுதிக் கேட்டார்கள். ஆடிட்டர் ஒரு பக்கத்துக்குப் பாராட்டி எழுதியிருந்தார். நேர்காணல் செய்த அதிகாரி, ஒரு நியூசிலாந்துப் பெண், அதில் ஒரு வார்த்தையில் விரலை வைத்து எனக்குக் காட்டினாள். கீழ்ப்படிதலுள்ளவர். இது உங்கள் ஊரில் பாராட்டா என்று கேட்டாள். உயர்ந்த பாராட்டு என்றேன். குறித்துக்கொண்டாள்.

இங்கே முதல் வேலையில் முதலாளி அறைக்குள் வரும்போதெல்லாம் நான் எழுந்து நின்றுவிடுவேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு, உனக்கு முதுகு வலியா என்று கேட்டார். கடைசியில் ஒரு நாள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு வருடம் ஆனது. கயல் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தன் மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் ஆடிட்டரைப் பார்த்தாயா என்று அப்பா கேட்பார். பார்த்தேன் என்பேன். அவருக்கு இங்கிருந்து ஏதாவது வாங்கிக்கொண்டு போகச் சொல்வார். வாங்குவேன். சென்னை விமான நிலையத்தில் யாருக்காவது கொடுத்துவிடுவேன்.

7

இதுவரை எழுதிவிட்டு, எப்படி முடிப்பது என்று தெரியாமல் மூடி வைத்திருந்தேன். போன ஞாயிறு அப்பா தொலைபேசியில் வந்தார். அம்மா போன பிறகு அவராகவே கூப்பிடுவது அரிது. ஆடிட்டர் இறந்துவிட்டதாகச் சொன்னார். டீக்கடையில் யாரோ பேப்பரில் பார்த்துப் படித்துச் சொன்னார்களாம். உடனே பேருந்து ஏறிவிட்டாராம்.

அப்பாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. முழங்கால் மடங்காது. காரமடையிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போயிருக்கிறார்.

கூட்டமா என்று கேட்டேன். நல்ல கூட்டம், பெரிய பெரிய கார் என்றார். மாலை வாங்கிக்கொண்டு போனாராம். கேட்டில் ஒரு பையன் நிறுத்தி யார் என்று கேட்டிருக்கிறான். ஐயாவால் என் மகன் ஆடிட்டர் ஆனான், வெளிநாட்டில் இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, மாலையை வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் பறையடிக்கிறவர்களோடு போய் நிற்கச் சொன்னானாம்.

"நின்னீங்களாப்பா?"

"நின்னேன். எடுக்கற வரைக்கும் நின்னேன். மூஞ்சியப் பாக்க முடியலை, அது ஒண்ணுதான் வெசனம்."

கயல் ஹாலில் யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கைபேசியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தேன். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பேசினார்.

"எத்தனையோ பேருக்கு எத்தனையோ செஞ்சு குடுத்திருக்கறேன் கண்ணு, ஒருத்தனும் சொன்ன சொல்லுல நின்னதில்ல. அவரு ஒருத்தருதான், சொன்னாரு, போட்டாரு. அந்த நன்றியை நாம மறக்கலாமா?"

"மறக்கக்கூடாதுங்கப்பா" என்றேன்.

காலில் வீக்கம் இருக்கிறதா, மாத்திரை போட்டாரா என்று விசாரித்தேன். போட்டதாகச் சொன்னார். காரியத்துக்கும் போகப் போகிறாராம்.